டபிள் சில்லு லொறிக்கு என்ன டயர்? நைலோன், ரேடியல், ரீபில்ட், ஜப்பான் யூஸ்ட்

பெரும்போக நெல்லை ஏற்றி இறக்கி முடித்த லொறிகள் பங்குனி, சித்திரையில்தான் டயர் கடைப் பக்கம் திரும்பும். எனக்கு வரும் போன்களும் அப்போதுதான் கூடும். இந்த முறை முதலில் எடுத்தது மச்சான். "மச்சான், கன்டருக்கு ஆறும் மொட்டையாப் போச்சு. நாலுக்குத்தான் காசு இருக்கு. என்னத்தப் போடுற?"

அவன் ஏற்கெனவே மூன்று பேரிடம் கேட்டிருக்கிறான். கல்முனையில் கடை வைத்திருப்பவர் ரேடியல் என்றாராம். வெல்லாவெளிப் பக்கம் மண் ஏற்றும் டிரைவர் ஒருவர், நைலோனைத் தவிர வேறெதையும் தொடாதே என்றாராம். மாமாவோ "பின்னுக்கு ரீபில்ட் போட்டாக் காணும், காச வீணாக்காத" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிட்டார். மூன்று பேரும் தாங்கள் ஓடிய றோட்டுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், மச்சான் எந்த றோட்டில் ஓடுகிறான் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கன்டர், எல்ப், டைனா மாதிரி பின்னால் டபிள் சில்லு உள்ள சிறு லொறிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். டிமோ பட்டா, பொலேரோ மாதிரி பின்னால் ஒற்றைச் சில்லு உள்ளவை வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

## முதலில் பின் சில்லின் கணக்கு

பின்னால் இருப்பவை நாலு டயர் என்று எண்ணாமல் இரண்டு ஜோடி என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரு ஜோடியில் உள்ள இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியவை, சுற்றுவதும் ஒன்றாகத்தான். ஒன்று கொஞ்சம் உயரம், மற்றது கொஞ்சம் கட்டை என்றால் ஒரு சுற்றில் இரண்டும் போகும் தூரம் வேறு வேறு. உயரமானது பாரத்தை வாங்கிச் சூடேறும், கட்டையானது றோட்டில் தேய்ந்துகொண்டே இழுபடும்.

எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லை? இந்த அளவு டயர்களுக்கு விட்டத்தில் 6 மில்லிமீற்றர், சுற்றளவில் 19 மில்லிமீற்றர். அதற்கு மேலே போகக் கூடாது. இது சின்ன எண்ணாகத் தெரியும். 205/85 ஆர் 16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.37 மீற்றர், ஒரு கிலோமீற்றருக்கு 420 தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் 19 மில்லிமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 8 மீற்றர் இழுபாடு. மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், அப்படிப் பார்த்தால் ஒரு பயணத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் தூரம் அந்தச் சின்ன டயரை றோட்டில் உரசுகிறீர்கள். அனுமதிக்கிற எல்லையிலேயே கணக்கு இவ்வளவு வருகிறது.

இப்போது நம் ஊர்ப் பழக்கத்தைப் பாருங்கள். ஒன்று வெடித்தால் ஒன்றுதான் வாங்குவோம். புதிதில் கோடு 12 மில்லிமீற்றர் ஆழம், பக்கத்தில் இருக்கும் பழசில் 6 என்றால், விட்டத்தில் வித்தியாசம் 12. எல்லையைப் போல இரண்டு மடங்கு. புது டயர் பாரம் தாங்கும், பழசு சும்மா இருக்கும் என்று நினைக்கிறோம், இரண்டுமே நேரத்தோடு போய்விடும்.

அளக்க இயந்திரம் தேவையில்லை. மீன் பிடிக்கிற நரம்பு நூல் ஒன்று போதும், அது இல்லாத வீடு நம் பக்கம் எது. காற்றைச் சரியாக அடித்து, சில்லைக் கழற்றிக் கீழே வைத்து, டயரின் நடுக்கோட்டில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி பேனாவால் அடையாளம் போடுங்கள். மற்ற டயரில் அதே நூலைச் சுற்றிப் பாருங்கள். பெருவிரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அவை இரண்டும் ஜோடி சேராது. எல்லைக்குள் சின்ன வித்தியாசம் இருந்தால் உயரமானதை வெளியே பூட்டுங்கள், றோட்டின் நடு மேடாக இருப்பதால் உள் டயருக்கு எப்படியும் பாரம் கொஞ்சம் கூடத்தான் விழும்.

அடுத்தது பாரம். டயரின் பக்கத்தில் 117/115 எல் என்று இருந்தால், தனியாகப் பூட்டினால் 1,285 கிலோ, ஜோடியாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 1,215 கிலோ என்று அர்த்தம். ஜோடியில் எடை ஏன் குறைகிறது என்றால், இரண்டும் பாரத்தைச் சரிபாதியாக ஒருநாளும் பிரித்துக்கொள்வதில்லை, அது டயர் செய்பவனுக்கே தெரியும். நாலுக்கு 4,860 கிலோ. வெறும் லொறியில் பின் அச்சின் எடை 1,300 என்று வைத்துக்கொண்டு மூன்றரை தொன் நெல் போட்டால், அதில் பெரும்பகுதி பின்னுக்குத்தான் இறங்கும், சுமார் 4,400 வரும். சரி. ஐந்து தொன் ஏற்றினால்? 5,700. நாலு டயரும் புதிதாக இருந்தாலும் 800 கிலோவுக்கு மேல் கூடுதல். 'பதினாலு பிளை' என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி ஏற்ற வேண்டாம். உள்ளே அத்தனை அடுக்குத் துணி இருந்த காலம் போய்விட்டது, இன்றைக்கு அது தாங்கும் சக்தியின் தரத்தைக் காட்டும் எண் மட்டும்.

## எதை வைத்து நிறுப்பது

நான் பார்ப்பது இவை: மாதத்தில் எத்தனை நாள் கிறவலில், எத்தனை நாள் தாரில், ஒரே ஓட்டத்தில் நிற்காமல் எவ்வளவு தூரம், என்ன வேகம், உண்மையாக ஏற்றும் பாரம் (பொலிசுக்குச் சொல்லும் பாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்), போன இடத்தில் பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கிறாரா, நாலையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வாங்கக் கையில் காசு இருக்கிறதா, தேய்ந்த பிறகு அந்த டயர் இன்னும் எதற்காவது உதவுமா. விலையைக் கடைசியில் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் விலையோடு டியூப், பிளாப் (டியூபுக்கும் றிம்முக்கும் நடுவில் போடும் றப்பர் பட்டி), பூட்டுக்கூலி, லொறி நிற்கும் நாள் எல்லாவற்றையும் சேர்த்து, ஓடும் கிலோமீற்றரால் பிரித்த பிறகு வருவதுதான் விலை.

## நைலோன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளி என்று வட்டை வட்டையாக, அதாவது வயல்வெளி வயல்வெளியாகப் போய் நெல் ஏற்றுபவருக்கு இதைவிடத் தோதான டயர் இல்லை. வரம்பு ஓரம் நிற்கும் கட்டை, வாய்க்கால் கல், கிறவலில் துருத்திக்கொண்டு நிற்கும் கூர்க்கல் எல்லாம் பக்கச்சுவரைத்தான் முதலில் தேடும். நைலோனில் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போட்டிருப்பதால் பக்கச்சுவர் தடிப்பு, ஒரு வெட்டு விழுந்தாலும் தாங்கும். பஞ்சர் ஒட்ட எந்தச் சந்தியிலும் ஆள் உண்டு. விலையும் குறைவு.

அதே குறுக்கு அடுக்குதான் அதன் வியாதியும். டயர் நசுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசும், சூடு பிறக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும் நேரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, கூடுதல் பாரத்தோடு வாழைச்சேனையில் இருந்து பொலன்னறுவை வரைக்கும் நிற்காமல் போய்ப் பாருங்கள், இறங்கி டயரில் கை வைக்க முடியாது. தாரில் தேய்வும் சீக்கிரம், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒன்று, புது நைலோன் டயருக்குள் பழைய டியூபை மடித்துப் போடுவது. பழைய டியூப் இழுபட்டுப் பெருத்திருக்கும், உள்ளே மடிப்பு விழும், மடிந்த இடத்தில் வெடிக்கும். புது டயர் என்றால் புது டியூப், புது பிளாப், அதையும் சேர்த்து விலை கேளுங்கள். மற்றது, நைலோன் டயர் ஓடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் பெருக்கும். கோடு ஒரே ஆழத்தில் இருக்கிறதே என்று புதிதையும் சில மாதம் ஓடியதையும் ஜோடி சேர்த்தால் நூல் வேறு கதை சொல்லும்.

## ரேடியல்

கொழும்புக்கு வாரம் ஒரு தடவையாவது அரிசி கொண்டு போகிறவர், அல்லது சம்மாந்துறை ஆலையில் ஏற்றிக்கொண்டு அம்பாறை, சியம்பலாண்டுவ வழியாக மேலே போகிறவர், முழுக்கத் தார் றோட்டில் ஓடுகிறவர் யோசிக்காமல் இதற்குப் போகலாம். அடுக்கு பக்கத்துக்குப் பக்கம் நேராகப் போகும், மேல் றப்பருக்கு அடியில் உருக்குக் கம்பிப் பட்டி இருக்கும். உரசல் குறைவு, சூடு குறைவு, மேல் றப்பர் தரையில் மட்டமாக உட்காரும், அதனால் நீண்ட காலம் ஓடும். ஸ்டியரிங்கும் நேராக நிற்கும்.

இதன் பலவீனம் பக்கச்சுவர். மெல்லியது. மேல் றப்பரில் ஆணி ஏறினால் ஒட்டலாம், பக்கத்தில் கல் கிழித்தால் அந்த டயரை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு வருடத்தில் இரண்டு டயர் அப்படிப் போனால், ரேடியல் போட்டு மிச்சம் பிடித்த காசு முழுக்க அதோடு போய்விடும். கிறவல் ஓட்டக்காரர் இதை வாங்கி விட்டுத் திட்டுவதற்குக் காரணம் இதுதான், டயரில் பிழை இல்லை.

இன்னொன்று, ரேடியல் சரியான காற்றிலும் அடியில் பிதுங்கித்தான் தெரியும். நைலோன் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு அது காற்றுப் போன மாதிரி இருக்கும், உடனே ஏற்றிவிடுவார்கள், பிறகு நடுவில் மட்டும் தேயும். கண்ணை நம்பாமல் கேஜ் வையுங்கள். அந்தப் பிதுக்கத்தால் டபிள் சில்லுக்கு வேறு ஒரு பிரச்சினையும் உண்டு. இரண்டு டயருக்கும் இடையில் உள்ள வெளி அடியில் சுருங்கும். லொறிக்கு உரியதை விட அகலமான அளவைக் "கம்பீரமா இருக்கும்" என்று யாராவது விற்றால், பாரம் ஏறியதும் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடும், பக்கச்சுவர் உரசி உரிந்து போகும். வண்டியின் கதவோரத் தகட்டில் அல்லது கையேட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதில் நில்லுங்கள்.

டியூப் போடும் ரேடியலாக இருந்தால் ரேடியலுக்கு உரிய டியூப்தான். நைலோன் டியூப் அந்த அசைவுக்குத் தாக்குப்பிடிக்காது.

நைலோனும் ரேடியலும் கலக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒரே அச்சில் ஒருபோதும் வேண்டாம், ஒரே ஜோடியில் என்றால் பேச்சே இல்லை. முன்னுக்கு ஒரு இனம், பின்னுக்கு நாலும் வேறு இனம் என்பது டபிள் சில்லில் ஓடும், நான் ஓடியிருக்கிறேன், ஆனால் மழைக்குப் பிரேக் பிடிக்கும்போது ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆறும் ஒன்றாக இருப்பது மேல்.

## ரீபில்ட்

இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பெரும்பாலானோர் கடைசியில் போய் நிற்பது இங்கேதான். சிலர் டெக் டயர் என்பார்கள். தேய்ந்த டயரின் மேற்பகுதியைச் சுரண்டி எடுத்து, புது றப்பர் வைத்து, சூட்டில் அவித்து ஒட்டுவது. அச்சுக்குள் வைத்துப் பச்சை றப்பரை அவிப்பது ஒரு முறை, ஏற்கெனவே அவித்துக் கோடு போட்ட பட்டியைச் சுற்றி ஒட்டுவது இன்னொரு முறை. இரண்டும் நன்றாக ஓடும். புது டயர் விலையில் மூன்றில் ஒன்றில் இருந்து பாதி வரைக்குள் முடியும். 2020 இல் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய நேரத்திலும், 2022 இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறிய நேரத்திலும் எங்கள் பக்கத்து லொறிகளை ஓட வைத்தது ரீபில்ட்தான், அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் ரீபில்ட் வாங்குவது என்றால், மேலே வைத்த புது றப்பரை விட அதைத் தாங்கும் பழைய டயர் உடலை, அதாவது கேசிங்கை வாங்குவதுதான். அந்தக் கேசிங் யாருடையது? உங்களுடைய டயரையே கொடுத்து நம்பர் எழுதி அடையாளம் போட்டுத் திருப்பி எடுத்தால் அது எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை ஆணி குடித்தது, காற்றில்லாமல் ஓடியதா என்று உங்களுக்குத் தெரியும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரீபில்ட்டை எடுத்தால் அந்தச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. மேலே கறுப்பாக மினுங்கும், உள்ளே மணல் லொறியில் வெந்துபோன கேசிங்காக இருக்கலாம்.

காத்தான்குடிப் பக்கம் எனக்கு டயர் பார்க்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் இருக்கிறார். ரீபில்ட்டைக் கையில் எடுத்தால் வெளியே பார்க்கவே மாட்டார். இரண்டு விளிம்பையும் விரித்துப் பிடித்து உள்ளே தலையை விடுவார், டோர்ச் அடித்து உட்சுவரில் விரலால் ஒரு சுற்றுத் தடவுவார். சுருக்கமோ நீலம் பாரித்த வளையமோ இருந்தால் "இது காத்தில்லாம ஓடின சாமான் தம்பி" என்று தள்ளிவிடுவார். அதன் பிறகு பக்கத்தில் உள்ள நாலு எண்ணைத் தேடுவார். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய கேசிங் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பார். நானும் அதையே பின்பற்றுகிறேன்.

முன்னுக்கு ரீபில்ட் போடாதீர்கள். பின்னால் பட்டி உரிந்தால் மட்கார்டைக் கிழிக்கும், பிரேக் பைப்பில் அடிக்கும், ஆனாலும் பக்கத்தில் ஒரு டயர் தாங்கும். முன்னால் உரிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

பின்னுக்கும் நாலையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கோட்டு வகையில் செய்யுங்கள். சுரண்டும் அளவு டயருக்கு டயர் மாறும், அதனால் ரீபில்ட்டில்தான் நூல் அளவு அதிகம் தேவைப்படும். செங்கலடியில் ஏறி மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு மரக்கறி எடுக்கப் போகிறவர்கள் இன்னும் கவனம். இறக்கத்தில் பிரேக் டிரம் கொதிக்கும், அந்தச் சூடு முழுக்க உள் டயருக்குத்தான் போகும். அந்த ஓட்டத்துக்கு ரீபில்ட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செலவில் சேராத செலவு, லொறி நிற்கும் நாட்கள். சொந்தக் கேசிங்கைக் கொடுத்தால் திரும்பி வரும்வரை ஒன்றில் லொறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் யாரிடமாவது டயர் இரவல் வாங்க வேண்டும். அறுவடை நேரத்தில் ஒரு நாள் நின்றால் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும், எனவே மழை மாதத்தில், ஓட்டம் குறைந்த நேரத்தில் செய்து வையுங்கள்.

## ஜப்பான் யூஸ்ட்

சுருக்கமாக முடிக்கிறேன். யூஸ்ட் லொறியோடு வந்து கழற்றி விற்கப்படும் டயர் இது. பேர் பெரிய பேராக இருக்கும், கோடு ஆழமாக இருக்கும், விலை ஆசை காட்டும். நாலு எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் பழையது. அதோடு ஜப்பானில் பனிக் காலத்துக்குப் போடும் டயர்களும் இதற்குள் கலந்து வரும். மேல் றப்பரில் பிளேடால் கீறிய மாதிரி நெருக்கமாக அலை அலையாக வெட்டு இருக்கும், பக்கத்தில் மலைக்குள் பனிப்பூ போட்ட அடையாளம் இருக்கலாம். குளிருக்குச் செய்த மெதுவான றப்பர் அது, எங்கள் வெயிலில் அழிறப்பர் மாதிரிக் கரையும். ஒரே அளவில் ஒரே வகையில் நாலு கிடைப்பதும் அருமை. ஸ்பெயாருக்கு ஒன்று வேண்டுமானால் பார்க்கலாம்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| | நைலோன் | ரேடியல் | ரீபில்ட் | ஜப்பான் யூஸ்ட் |
|---|---|---|---|---|
| கிறவல், வட்டை வழி | நல்லது | பக்கச்சுவர் பயம் | கேசிங் நைலோன் என்றால் நல்லது | எண்ணிப் பார்க்க வேண்டாம் |
| நீண்ட தார் ஓட்டம் | சூடேறும் | மிக நல்லது | நல்ல கேசிங், அளவான பாரம் என்றால் சரி | வேண்டாம் |
| மலை இறக்கம் | பரவாயில்லை | நல்லது | வேண்டாம் | வேண்டாம் |
| முன் அச்சு | சரி | சரி | கூடாது | கூடாது |
| கைக்காசு | நடுத்தரம் | அதிகம் | குறைவு | குறைவு |
| ஒளிந்திருக்கும் செலவு | டியூப், பிளாப், டீசல் | வெட்டு விழுந்தால் முழு டயரும் | நிற்கும் நாள், உரிந்தால் மட்கார்ட் | சீக்கிரம் மறுபடி வாங்குவது |
| பிறகு ரீபில்ட் செய்ய | பாரம் கூட்டாவிட்டால் ஆகும் | காற்றுப் பார்த்து ஓடினால் நன்றாக ஆகும் | கேசிங் வயதைப் பொறுத்தது | ஆகாது |

## யாருக்கு எது

போடியாரின் வயலுக்கும் ஆலைக்கும் இடையில் மட்டும் ஓடுகிறவர்: ஆறும் நைலோன். காசு தட்டுப்பாடு என்றால் முன்னுக்கு இரண்டு புது நைலோன், பின்னுக்குச் சொந்தக் கேசிங்கில் நாலு ரீபில்ட். பின்னால் குறுக்குவெட்டுக் கோடு உள்ளதை எடுங்கள், சேற்றில் கால் ஊன்றும். அதே கோடு தாரில் சத்தம் போடும், பல் பல்லாகத் தேயும், அது வேறு விஷயம்.

கொழும்பு ஓட்டக்காரர்: ஆறும் ரேடியல், முன்னுக்கு நேர்க்கோடு. ஒரேயடியாகக் காசு இல்லாவிட்டால் ரேடியல் இரண்டு, நைலோன் நாலு என்று குழம்புவதை விட ஒரு மாதம் பொறுத்து ஆறையும் ஒன்றாக வாங்குவது நல்லது. லீசிங் கட்டுகிற ஆளுக்கு ஒரு மாதம் பொறு என்று சொல்வது லேசு என்று எனக்கும் தெரியும்.

லொறியை விற்க இருக்கிறவர்: பின்னுக்கு ரீபில்ட். வாங்க வருகிறவரிடம் அதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

இரண்டு டயருக்கு மட்டும் காசு உள்ளவர்: புதிதை முன்னுக்குப் போடுங்கள். முன்னால் இருந்த இரண்டும் ஒன்றாகத் தேய்ந்தவை, அவற்றைப் பிரிக்காமல் ஒரு பக்கத்து ஜோடியாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். பின்னால் இருந்த நாலையும் நூலால் அளந்து, நெருங்கி வரும் இரண்டை மற்றப் பக்கம் பூட்டுங்கள். இடமும் வலமும் கொஞ்சம் வித்தியாசப்படலாம், நிறைய வித்தியாசம் என்றால் இரண்டு பக்கமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் டிபரன்சல் நேர் றோட்டில்கூட ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

பாதி கிறவல், பாதி தார் ஓடுகிறவருக்குத்தான் பதில் கஷ்டம். மச்சான் அந்த வகை. கேட்டால் கொழும்பு ஓட்டம் என்பான், எண்ணிப் பார்த்தால் மாதம் இரண்டு கொழும்பு, மிச்சம் எல்லாம் வவுணதீவு, கரடியனாறு பக்கத்துக் கிறவல். இப்படிப்பட்டவர் ஒரு மாதம் கொப்பி போட்டு எழுதிப் பாருங்கள். கிலோமீற்றரை விட டயர் எந்த றோட்டில் காயப்படுகிறது என்பதுதான் முக்கியம். கிறவலில் வெட்டு விழுந்து போன டயர் அதிகமா, தாரில் தேய்ந்து போனது அதிகமா?

## பூட்டும் நாளில்

நல்ல டயரை வாங்கிப் பூட்டத் தெரியாமல் பூட்டினால் மேலே எழுதியது எல்லாம் வீண். நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு முறை இரவு பத்து மணிக்குப் பிறகு வெலிக்கந்தை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், றப்பர் எரிகிற மணம். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மன்னம்பிட்டிக்குக் கிட்ட வந்துதான் பின்னால் அடித்தது. இறங்கிப் பார்த்தால் வெளி டயர் வெடித்திருக்கிறது, உள் டயர் எப்போதோ காற்றுப் போய்க் கூழாகி விட்டிருக்கிறது. உள் சில்லின் நீட்டு வால்வு இளகிக் காற்று இறங்கியிருக்கிறது. வெளி டயர் நிமிர்ந்து நின்றதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை, இரண்டின் பாரத்தையும் அது ஒன்றே இழுத்து வந்திருக்கிறது. போனது இரண்டு டயர், கையில் ஸ்பெயார் ஒன்று. யானை கடக்கும் பாதை அது. ஜக்கைப் போட்டுக்கொண்டு நானும் கிளீனரும் மாறி மாறிக் காட்டைத்தான் பார்த்தோம், நட்டைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வாழைச்சேனையில் தேநீருக்கு நிறுத்தினாலும் கம்பியால் ஆறு டயரையும் தட்டாமல் ஏறுவதில்லை. காற்றுப் போன டயர் தொப்பென்று சொல்லும். ஆனால் தட்டுவது முழுக்கப் போனதைத்தான் காட்டும், பாதி இறங்கியதைக் காட்டாது, அதற்குக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைக்க வேண்டும். 20 வீதம் குறைந்திருந்தால் காற்று அடித்துவிட்டு ஓடாமல் கழற்றிப் பாருங்கள்.

பூட்டும்போது உள், வெளி வால்வுகள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக வரட்டும், கை போகும். பல பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கத்து நட்டு எதிர்த்திசைத் திருகு, அதோடு உள் டயருக்கு ஒரு நட்டு, வெளி டயருக்கு அதன் மேல் இன்னொரு நட்டு. உள்ளது இறுகாமல் வெளியே மட்டும் இறுக்கினால் உள் சில்லு ஆடிக்கொண்டே போகும். வெளி நட்டை இளக்கி, உள்ளதை இறுக்கி, பிறகுதான் வெளியே இறுக்க வேண்டும். புது டயர் பூட்டி 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள். டயரைப் பிடித்து வைக்க இரும்பு ரிங் போட்ட றிம் என்றால் காற்று அடிக்கும்போது ரிங்குக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டாம், பொடியன்மாரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அது தெறித்தால் ஆளை விடாது. கிறவலில் இருந்து தாருக்கு ஏறும் இடத்தில் இறங்கி இரண்டு டயருக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கிய கல் இரண்டு பக்கச்சுவரையும் ஒரே நேரத்தில் தின்னும்.

மச்சான் கொப்பி போட்டான். போன வருடம் போன ஐந்து டயரில் நாலு கிறவலில் வெட்டு விழுந்தவை. பின்னுக்கு நாலும் நைலோன் எடுத்தான், முன்னால் இருந்த நைலோன் இரண்டிலும் சின்னப் போகம் வரைக்கும் ஓட்டுவதற்குக் கோடு இருக்கிறதாம், ஆறும் மொட்டை என்று சொன்னவன். கடையில் நரம்பு நூலை வெளியே எடுத்ததும் வேலை செய்கிற பொடியன் சிரித்திருக்கிறான். நாலாவது டயரில் இரண்டு விரல் வித்தியாசம் வந்தது, பேர் ஒன்று, அளவு ஒன்று, செய்த வருடம் வேறு. முதலாளி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொன்றை உருட்டிக்கொண்டு வந்தாராம்.